23 அணி, 22 ஆட்டம்: நாக்-அவுட் கோப்பை எப்படி ஓடுகிறது?

வேலூர் நேதாஜி மைதானத்தில் ஒரு கால்பந்துப் போட்டி நடத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களிலிருந்தும் 23 அணிகள் பெயர் கொடுத்திருக்கின்றன. தோற்றால் அன்றோடு வெளியே. மொத்தம் எத்தனை ஆட்டம் நடக்கும்?

காகிதம், பென்சில் தேட வேண்டாம். 22 ஆட்டம். ஒவ்வொரு ஆட்டமும் ஒரே ஒரு அணியை வீட்டுக்கு அனுப்புகிறது. கடைசியில் ஒரு அணி மட்டும் மிஞ்ச வேண்டுமானால் 22 அணிகள் கிளம்பியாக வேண்டும். 7 அணி என்றால் 6 ஆட்டம், 700 அணி என்றால் 699. இதே 23 அணிகளை லீக் முறையில் ஒவ்வொருவரோடும் ஒருமுறை மோதவிட்டால் 253 ஆட்டம் வரும். தினமும் இரண்டு ஆட்டம் வைத்தாலும் நான்கு மாதம் ஓடும். நாக்-அவுட்டில் பதினோரு நாளில் கோப்பையைத் தூக்கிவிடலாம்.

குறைந்த நாளில், குறைந்த செலவில், ஊரிலுள்ள எல்லோரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால்தான் லீக் வருவதற்கு முன்பே கோப்பை வந்துவிட்டது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் (எஃப்.ஏ.) கோப்பை 1871-72-ல் தொடங்கியது. அந்நாட்டு லீக் வந்தது 1888-ல். எஃப்.ஏ. செயலாளர் சார்லஸ் ஆல்காக், தான் படித்த ஹாரோ பள்ளியில் விடுதிகளுக்கு இடையே நடந்த போட்டியைப் பார்த்துப் பிடித்த யோசனை அது. முதல் வருடம் பெயர் கொடுத்தவை 15 அணிகள். 1872 மார்ச் 16 அன்று இறுதி ஆட்டத்தில் வாண்டரர்ஸ் அணி ராயல் இன்ஜினியர்ஸை 1-0 என்று வென்றது. அடுத்த வருடம் வாண்டரர்ஸ் நேராக இறுதி ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. மற்றவர்கள் தங்களுக்குள் மோதி, மிஞ்சியவர் வந்து சவால் விட வேண்டும் என்பது ஏற்பாடு. அது அநியாயம் என்று சீக்கிரமே புரிந்து, அந்த ஒரு வருடத்தோடு விட்டுவிட்டார்கள்.

எந்தக் கோப்பையிலும் முதல் தகராறு இங்கேதான் கிளம்பும்: யார் எந்தச் சுற்றிலிருந்து ஆட வேண்டும்?

'பை' போடும் கணக்கு

இறுதி ஆட்டத்துக்கு 2 அணி, அரையிறுதிக்கு 4, காலிறுதிக்கு 8, அதற்கு முந்தைய சுற்றுக்கு 16, அதற்கும் முன்னால் 32. இந்த எண்கள் இருந்தால், யார் யாரோடு மோதுவது என்று எழுதும் தாள் நேராக ஓடும். நம்மிடம் இருப்பதோ 23. அந்த வரிசையில் அதற்கு அடுத்த பெரிய எண் 32. 32-லிருந்து 23-ஐக் கழித்தால் 9. இந்த ஒன்பது அணிகளுக்கு முதல் சுற்றில் ஆட்டம் கிடையாது, ஆடாமலே இரண்டாம் சுற்றுக்குப் போய்விடும். இதைத்தான் மைதானத்தில் 'பை' என்கிறார்கள். மீதி 14 அணிகள் 7 ஆட்டம் ஆடும். ஜெயித்த 7, பை வாங்கிய 9, மொத்தம் 16. அதற்குப் பிறகு எங்கும் மிச்சம் விழாது.

புதிதாகப் போட்டி நடத்துகிறவர்கள் வழுக்கும் இடம் இதுதான். 23 பேரை அப்படியே ஜோடி சேர்ப்பார்கள்: 11 ஆட்டம், மிஞ்சிய ஓர் அணிக்கு மட்டும் பை. இரண்டாம் சுற்றில் 12, அடுத்து 6, அடுத்து 3. அங்கே வண்டி நின்றுவிடும். மூன்று அணியில் ஒன்றுக்கு அரையிறுதியில் பை கொடுத்தாக வேண்டும், அது ஆடாமலே இறுதிக்குப் போகும். இந்த வழியில் எண்ணிப் பார்த்தாலும் மொத்த ஆட்டம் 22-தான் வரும். ஆட்டங்களின் எண்ணிக்கை மாறவில்லை, சலுகை விழும் இடம்தான் மாறியிருக்கிறது. முதல் சுற்றில் ஒன்பது பேர் பகிர்ந்துகொண்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அரையிறுதியில் ஒருவருக்கு மட்டும் கிடைத்தால் மைதானத்தில் நாற்காலி பறக்கும். அதனால் பை முழுவதையும் முதல் சுற்றிலேயே தீர்த்துவிடுவது நல்லது.

ஒன்பது பையையும் தாளின் ஒரே பக்கத்தில் கொட்டுவது அடுத்த தவறு. தாளை நான்கு கால் பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் எட்டு இடம் ஒதுக்குங்கள். 23 அணிகளை 6, 6, 6, 5 என்று பிரித்தால் பை 2, 2, 2, 3 என்று விழும். ஆறு அணி உள்ள பகுதியில் நான்கு அணிகள் இரண்டு ஆட்டம் ஆடும். ஐந்து அணி உள்ள பகுதியில் ஒரே ஆட்டம். ஆக 7. பிறகு ஒவ்வொரு பகுதியிலும் சரியாக நான்கு அணி நிற்கும்.

பை எவ்வளவு பெரிய பரிசு? ஆம்பூர் அணி நல்ல அணி, எவரோடு மோதினாலும் ஜெயிக்க 80 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஐந்து சுற்றும் ஜெயிக்க வேண்டுமானால் 0.8-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும். கிடைப்பது ஏறக்குறைய 33 சதவீதம். பை கிடைத்து நான்கு சுற்று மட்டும் ஆடினால் 41. ஒரு சீட்டு விழும் இடத்தில் எட்டு சதவீதம் ஏறிவிடுகிறது. அதனால்தான் பையைக் குலுக்கிப் போட வேண்டும், அல்லது போன வருடம் அரையிறுதி வரை வந்தவர்களுக்குக் கொடுப்பது போல முன்கூட்டியே எழுதிவைத்த விதி இருக்க வேண்டும். 'அவங்க தூரத்துலேர்ந்து வர்றாங்க, பாவம்' என்று அன்றைக்குத் தோன்றியபடி கொடுப்பது வம்பு.

பை, எதிரணி வராததால் கிடைக்கும் வாக் ஓவர் இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த முதல் எஃப்.ஏ. கோப்பையே சாட்சி. கிளாஸ்கோவின் குவீன்ஸ் பார்க் அணி ஓர் ஆட்டம்கூட ஆடாமல் அரையிறுதிக்கு வந்துவிட்டது. அங்கே வாண்டரர்ஸோடு 0-0 சமன். மறு ஆட்டத்துக்கு லண்டனில் தங்கக் கையில் காசில்லாமல் விலகிப் போய்விட்டது. ஒரு கோலும் வாங்கவில்லை, தோற்கவும் இல்லை, ஆனாலும் வெளியே.

தேசிய அளவில் இதே கணக்கு

இன்றைய எஃப்.ஏ. கோப்பைக்கு 700-க்கும் மேற்பட்ட கிளப்புகள் வருகின்றன. ஆகஸ்டில் ஆரம்பித்து மே மாதத்தில் இறுதி ஆட்டம். இவ்வளவு பேரையும் ஒரே நாளில் இறக்கிவிட முடியாது. அதனால் சின்ன கிளப்புகள் முதலில் தகுதிச் சுற்றுகளில் மோதிக்கொள்ளும். அதில் மிஞ்சும் 32 கிளப்புகளோடு மூன்றாம், நான்காம் படிநிலை லீக்குகளின் 48 கிளப்புகள் சேர, முதல் சுற்றுக்கு 80. இரண்டு சுற்றில் 80 என்பது 40, 20 ஆகும். மூன்றாம் சுற்றில், ஜனவரி வாக்கில், மேலே உள்ள இரண்டு லீக்குகளின் 44 கிளப்புகள் உள்ளே வருகின்றன. 20-ம் 44-ம் 64. இங்கிருந்து 32, 16, 8, 4, 2, 1. பிரீமியர் லீக் அணிக்கு இரண்டு சுற்று பை என்று நேராகச் சொல்வதில்லை. தாமதமாக நுழைகிறது என்கிறார்கள். விஷயம் ஒன்றுதான்.

பிரான்ஸின் கோப்பை இதைவிடப் பெரியது. 1917-18-ல் தொடங்கியது. இப்போது 7,000-க்கும் மேற்பட்ட கிளப்புகள், கடல் கடந்த பிரெஞ்சுப் பகுதிகளிலிருந்து வருகிறவையும் சேர்த்து. அங்கே ஒரு நல்ல விதி இருக்கிறது: எதிரணியைவிட இரண்டு படிநிலை கீழே இருக்கும் கிளப்புக்குச் சொந்த மைதானம் கிடைக்கும். ஜெர்மனியில் முதல் சுற்றுக்கு 64 அணிகள். பெரிய கிளப்புகளின் பெயர் ஒரு பானையில், சின்ன கிளப்புகளின் பெயர் இன்னொரு பானையில். சின்ன அணியின் மைதானத்துக்குப் பெரிய அணி பயணம் வர வேண்டும். பெரிய கிளப் வரும் அந்த ஒரு நாள் டிக்கெட் வசூல் சின்ன கிளப்புக்கு வருடம் முழுக்கச் சோறு போடும்.

குலுக்கல்

ஆங்கிலத்தில் சமனில் முடிவதற்கும் சீட்டு எடுப்பதற்கும் ஒரே சொல், 'டிரா'. நம் மைதானங்களிலும் இரண்டையும் 'டிரா' என்றே சொல்லிக் குழப்பிக்கொள்வார்கள். இங்கே ஒன்றைச் சமன் என்றும் மற்றதைக் குலுக்கல் என்றும் வைத்துக்கொள்வோம்.

குலுக்கலில் இரண்டு வகை உண்டு. ஒன்று, முதல் நாளே முழுத் தாளையும் போட்டுவிடுவது. டென்னிஸில் பார்ப்பது போல, யார் ஜெயித்தால் யாரோடு மோத வேண்டும் என்பது இறுதி வரை தெரிந்துவிடும். மற்றது, ஒவ்வொரு சுற்றும் முடிந்த பிறகு மறுபடியும் குலுக்குவது. எஃப்.ஏ. கோப்பையில் இரண்டாவது வகைதான்: எண் எழுதிய பந்துகள், முதலில் வரும் பந்தின் அணிக்குச் சொந்த மைதானம், அடுத்து வரும் பந்து விருந்தாளி. பலமான அணிகளைப் பிரித்துவைப்பதெல்லாம் கிடையாது. மூன்றாம் சுற்றிலேயே இரண்டு பெரிய அணிகள் மோதலாம், ஒன்று அன்றே போய்விடும்.

உள்ளூர்ப் போட்டிக்கு முதல் வகை வசதி. அடுத்த ஆட்டம் எந்தத் தேதி என்று தெரிந்தால்தான் வாணியம்பாடியிலிருந்து வேன் பேச முடியும், வேலைக்குப் போகும் பையன்கள் லீவு சொல்ல முடியும். சுவாரஸ்யத்துக்கு இரண்டாவது வகை. ஒவ்வொரு குலுக்கலும் தனித் திருவிழா.

குலுக்கல் சீட்டு நடத்தும் வீட்டில் என்ன ஒழுங்கு இருக்குமோ அதே ஒழுங்கு இங்கேயும் வேண்டும். ஒரே தாளில் வெட்டிய, ஒரே அளவுள்ள சீட்டுகள். ஒரே மாதிரி நான்கு மடிப்பு. 'கே.வி. குப்பம்' என்று எழுதிய சீட்டு மட்டும் தடித்துத் தெரியக் கூடாது. உள்ளே தெரியாத சொம்பு அல்லது டப்பா. எடுப்பவர் எந்த அணிக்கும் சொந்தமில்லாத ஒரு சின்னப் பிள்ளையாக இருந்தால் பேச்சே இல்லை. எடுத்த பெயரை அப்போதே எல்லோர் கண்முன் சார்ட்டில் எழுத வேண்டும். 'அப்புறம் நகல் எடுத்து வாட்ஸாப்பில் போடுகிறோம்' என்பதில்தான் சந்தேகம் முளைக்கும். பை விழும் இடங்களைக் குலுக்கலுக்கு முன்பே தாளில் குறித்துவிடுங்கள். பிறகு குறித்தால், வேண்டியவருக்காகக் குறித்தது போலவே தெரியும். முடிந்ததும் தாளின் அடியில் கேப்டன்கள் கையெழுத்து.

ஒரே நாளில் முடிவு

லீக்கில் சமன் என்றால் ஆளுக்கொரு புள்ளியோடு வீட்டுக்குப் போகலாம். கோப்பையில் யாராவது ஒருவர் வெளியே போயே ஆக வேண்டும். பழைய வழி மறு ஆட்டம். 1971-ல் எஃப்.ஏ. கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆல்வ்சர்ச், ஆக்ஸ்போர்டு சிட்டி இரண்டும் முடிவு காண ஆறு முறை ஆடின, மொத்தம் 11 மணி நேரம். 2024-25-லிருந்து அந்தக் கோப்பையின் முதல் சுற்று முதல் மறு ஆட்டமே இல்லை. காசு சுண்டும் வழியும் இருந்தது: 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் சோவியத் அணி இத்தாலியிடம் நாணயத்தில் தோற்றது. கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்க, இரண்டு அணியும் மாறி மாறிக் கோல் அடிக்கப் பார்க்கும் பெனால்டி முறையை விதியாக ஏற்றது 1970-ல்.

இப்போது வழக்கமான வரிசை: 90 நிமிடம், சமன் என்றால் 15-15 ஆக 30 நிமிடம் கூடுதல் நேரம், அதிலும் சமன் என்றால் பெனால்டி. ஆனால் கூடுதல் நேரம் கட்டாயமில்லை. நேராகப் பெனால்டிக்குப் போகும் கோப்பைகளும் உண்டு. எது என்பதைப் போட்டி தொடங்கும் முன்பே எழுதிவிட வேண்டும்.

விளக்கு இல்லாத மைதானத்தில் இது முக்கியமான முடிவு. 3 மணிக்கு ஆரம்பித்தால் இடைவேளை 15 நிமிடம் சேர்த்து 4.45. வீணான நேரம் சேர 4.50 தாண்டிவிடும். கூடுதல் நேரமும் நடுவே தண்ணீர் குடிப்பதும் சேர்த்தால் 5.30. பெனால்டிக்கு இன்னும் கால் மணி. நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். கோல்கீப்பருக்குப் பந்து தெரியாது. ஆகவே 2.30-க்குத் தொடங்க வேண்டும், இல்லையென்றால் கூடுதல் நேரத்தை விட்டுவிட வேண்டும். பாதிக்கு 30 அல்லது 35 நிமிடமாகக் குறைத்துக்கொள்வதும் உண்டு. மே மாதத்தில் பிரச்சினை தலைகீழ். வெளிச்சம் ஆறரை வரை இருக்கும், ஆனால் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அதற்கு விதியிலேயே இடம் இருக்கிறது: ஒவ்வொரு பாதியிலும் உடம்பைக் குளிர்விக்க ஒன்றரை முதல் மூன்று நிமிடம் வரை ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தலாம். அந்த நேரத்தைப் பாதியின் கடைசியில் சேர்த்துவிட வேண்டும்.

பெனால்டியில் நடக்கும் குளறுபடிகள்

ஆற்காடு, காட்பாடி அணிகள் கடைசி வரை 1-1. காட்பாடியில் ஒருவருக்கு ரெட் கார்டு, களத்தில் பத்து பேர்தான். முதல் வேலை, ஆற்காடும் ஒருவரைக் கழித்துப் பத்தாக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் காட்பாடியின் முதல் ஆள் இரண்டாம் முறை அடிக்க வரும்போது, ஆற்காட்டின் பதினோராவது ஆள், பெரும்பாலும் அணியிலேயே மோசமாக அடிப்பவர், தப்பித்து நின்றுகொண்டிருப்பார் என்று நினைக்கலாம். உண்மையில் அவர் அடித்தே ஆக வேண்டியிருக்கும், அது ஆற்காட்டுக்குத்தான் நஷ்டம். இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கமே வராது.

பிறகு இரண்டு டாஸ். முதலாவது எந்தக் கோல் பக்கம் அடிப்பது என்பதற்கு. இரண்டாவதில் ஜெயித்தவர் முதலில் அடிப்பதா, பிறகு அடிப்பதா என்று சொல்லலாம். ஒரே டாஸில் இரண்டையும் முடிப்பது தவறு. பந்து கோலிலிருந்து 11 மீட்டரில். அடிப்பவரும் கோல்கீப்பர்களும் தவிர மற்றவர்கள் நடுவட்டத்துக்குள். பார்வையாளர்களைக் கோல் பின்னாலிருந்து விலக்கிவையுங்கள். நம் ஊரில் அங்கேதான் கூட்டம் மொய்க்கும்.

ஆட்டம் முடிந்த கணத்தில் களத்தில் இருந்தவர்கள்தான் அடிக்கலாம். எண்பதாவது நிமிடத்தில் வெளியே போன ஸ்டார் ஆட்டக்காரர் ஷூவைக் கட்டிக்கொண்டு வருவார்; அனுமதிக்கக் கூடாது. ஒருவர் இரண்டாம் முறை அடிக்க வேண்டுமானால் அவர் அணியில் எல்லோரும், கோல்கீப்பர் உட்பட, ஒருமுறை அடித்திருக்க வேண்டும். 'இன்னாபா, கோலி வந்து அடிக்கிறான்?' என்று கூட்டம் கேட்கும், அடிக்கத்தான் வேண்டும். யார் எந்த வரிசையில் அடிப்பது என்று ரெஃப்ரியிடம் பட்டியல் கொடுக்க வேண்டியதில்லை. ஒருவர் இரண்டு முறை வந்துவிடாமல் ரெஃப்ரி நம்பரை எழுதிக்கொண்டால் போதும்.

அணிக்கு ஐந்து. நான்கு நான்கு முடிந்து 4-2 என்றால் அதோடு முடிந்தது. பின்தங்கியவர் ஐந்தாவதையும் போட்டாலும் மூன்றுதான். ஐந்திலும் சமன் என்றால் ஒவ்வொன்றாக, ஒரே எண்ணிக்கையில் அடித்திருக்கும்போது ஒருவர் முந்தும் வரை. கோல்கீப்பர் தடுத்துத் திரும்பி வந்த பந்தை அடித்தவரே மறுபடி அடித்தால் கோல் இல்லை. அடிக்கும் கணத்தில் கோல்கீப்பரின் ஒரு காலில் ஒரு பகுதியாவது கோட்டின் மேலோ, அதன் நேரிலோ, பின்னாலோ இருக்க வேண்டும். ஆட்டத்தில் வாங்கிய மஞ்சள் கார்டு இங்கே தொடராது.

வாக் ஓவருக்கும் எண் உண்டு. ஏழு பேருக்குக் குறைவாக இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கவே முடியாது. எத்தனை நிமிடம் காத்திருப்பது என்பதை மட்டும் நடத்துகிறவர்கள் விதியில் எழுதிவிட வேண்டும். பாலாறு பாலத்தில் டிராஃபிக் என்று போன் வரும்போது கடிகாரம்தான் பேச வேண்டும்.

சின்ன அணி எவ்வளவு தூரம் போகும்?

80 சதவீதக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால், பெரிய அணிக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் ஐந்தில் ஒரு கண்டம் காத்திருக்கிறது. லீக்கில் அந்த ஒரு தோல்வியை அடுத்த வாரம் ஈடு செய்யலாம். கோப்பையில் முடியாது. 2000-ல் பிரான்ஸின் நான்காம் படிநிலை அமெச்சூர் அணியான கலே, தேசியக் கோப்பையின் இறுதி வரை வந்து நாந்த் அணியிடம் 2-1 என்றுதான் தோற்றது. 2013-ல் விகன், மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையை எடுத்தது, அதே சீசனில் லீக்கிலிருந்து கீழே இறங்கியது. கோப்பை ஜெயித்த அணியே நாட்டின் சிறந்த அணி என்று சொல்ல முடியாது. அதற்கு லீக் இருக்கிறது.

இந்தியாவில் பழமையானது டூரண்ட் கோப்பை, 1888-ல் தொடங்கியது, ஆசியாவிலேயே மூத்தது. ஆனால் இப்போது அதில் முதலில் குழு ஆட்டங்கள், பிறகுதான் நாக்-அவுட். தேசிய கிளப் கோப்பை என்று அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பு நடத்தியது 1977-ல் தொடங்கிய ஃபெடரேஷன் கோப்பை. முதலில் ஜெயித்தது பெங்களூரின் ஐ.டி.ஐ. (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) அணி. 2017-ல் அது நின்று, 2018-ல் சூப்பர் கப் வந்தது. 2025 ஏப்ரல், மே மாதங்களில் புவனேஸ்வரில் அதை முழு நாக்-அவுட்டாகவே நடத்தினார்கள். எஃப்.சி. கோவா ஜாம்ஷெட்பூரை 3-0 என்று வென்று, ஆசிய கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான ஆசிய சாம்பியன்ஸ் லீக் டூ-வின் தகுதிச் சுற்றில் ஆடும் வாய்ப்பைப் பெற்றது.

பிரான்ஸில் பதிவு செய்த எந்த ஊர் கிளப்பும் தேசியக் கோப்பைக்குப் பெயர் கொடுக்கலாம். சூப்பர் கப்பில் மேல் லீக்குகளின் கிளப்புகளுக்குத்தான் இடம். குடியாத்தம் கிளப் ஒன்று அங்கே நிற்க வேண்டுமானால் மாவட்ட லீக், மாநில லீக், அதற்கு மேல் தேசிய லீக்கின் கீழ்ப்படிகள் என்று பல வருடம் ஏறி வர வேண்டும். குலுக்கலில் கொல்கத்தாவின் பெரிய கிளப்பான மோகன் பகான் பெயருக்குப் பக்கத்தில் குடியாத்தம் பெயர் விழ இப்போதைக்கு இங்கே வழி இல்லை.